ஒப்பந்தப் பேராசிரியர்

காமயகவுண்டன்பட்டியில் எனக்கு ஒரு பட்டறை. திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கும் மெஷின் செய்கிறோம். ஒருநாள் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். உச்சி வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். வியர்வையை ஒற்றிக்கொண்டே, தொழில்துறையும் கல்லூரியும் சேர்ந்தால் இந்தப் பள்ளத்தாக்கே மாறிவிடும் என்றார். நானும் நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். கை குலுக்கியவர், போட்டோ சரியாக விழும்வரை என் கையை விடவில்லை.

"மருந்து தெளிக்கிற நாசில் அடிக்கடி அடைச்சுக்கிடுது சார். உங்க பிள்ளைக பார்த்துச் சொல்லுவாகளா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான இன்னோவேஷன் சென்டரே கட்டுறோம்" என்றார்.

சென்டர் திறப்பு விழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து முதலீட்டாளர்கள் வந்தார்கள். அவர்களோடும் ஒப்பந்தம், பொன்னாடை, போட்டோ எல்லாம் நடந்தது. மதியச் சாப்பாடும் அருமை. நாசிலைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சில மாதம் கழித்து அவர் தனியாகப் பட்டறைக்கு வந்தார். அதே கல்லூரியில் படித்து முடித்த தன் மகன் வேலையில்லாமல் வீட்டில் இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்ககிட்ட சேர்த்துக்கிட்டா வேலை கத்துக்கிருவான்."

"சென்டரே உங்க கையில இருக்கே சார். அங்கன சேர்த்துவிடலாமே?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

"அங்கன என்ன சார் வேலை இருக்கு?"

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தகப்பனின் கவலை மட்டும்தான் தெரிந்தது. பையனைச் சேர்த்துக்கொண்டேன். அந்த மனிதர்மேல் கோபப்பட வேண்டும் என்று அவ்வப்போது நினைக்கிறேன். இன்றுவரை கோபம் வரவில்லை.