ஹட்டன் ஸ்டேஷனில் சொன்ன பொய்

ஹட்டன் ஸ்டேஷனில் அப்பாவும் நானும் கொழும்பு ரயிலுக்கு நிற்கிறோம். எம்.ஏ. படிக்கப் போகிறேன். வெள்ளவத்தையில் ஓர் அறை பேசி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது போனில்.

"அப்பா என்ன வேலை, பிள்ளை?"

"தோட்டத்து ஆபீஸ்ல கிளார்க்குங்க."

அப்பா பக்கத்திலேயே இருப்பது அப்புறம்தான் உறைக்கிறது. என் பெட்டியின் மேல் அவர் கை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை.

"அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நேரில கதைச்சால் நல்லம்."

போனை வைக்கிறேன். அப்பா தண்டவாளத்தையே பார்க்கிறார். ரயில் வருகிறது. என் பக்கம் திரும்புகிறார்.

"ஒரு பேனா குடும்மா. கிளாக்கரய்யான்னா சட்டையில பேனா இருக்கணும்ல."

கொடுக்கிறேன். பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.