பொட்டில்லாமல் வந்த நான்

செங்கல்பட்டு ஏரிக்கரை ஓரம் கொட்டகை போட்டு ஒரு மேஜிக்காரர் வந்திருந்தார். ஐம்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது ஆகவில்லை. ஊரே பேசியது அவருடைய காலப்பெட்டியைத்தான். அதற்குள் ஏறினால் எந்தக் காலத்துக்கும் போகலாமாம். சோறு தின்னாமல் அழுது, அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். அடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச அன்றும் ஆளில்லை, இன்றும் இல்லை.

பெட்டிக்குள் யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் மேடையில் நின்றேன். எந்தக் காலத்துக்குப் போக ஆசை என்றார். மாமல்லபுரத்தில் பாறையில் யானை செதுக்கிய காலத்துக்கு என்றேன். கூட்டம் சிரித்தது. பாவம், அவரிடம் இருந்தது ஒரே வித்தை. சிறுமியை முப்பது வயதுப் பெண்ணாக்கிக் காட்டுவது. வருங்காலம்தான் என்று அவரே முடிவு செய்து கதவைச் சாத்தினார்.

பெட்டியின் அடிப்பலகை திறந்துகொண்டது. மேடைக்கு அடியில் சறுக்கி விழுந்தேன். அங்கே பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி குந்தியிருந்தாள்.

"பயப்படாத கண்ணு, கம்முனு குந்திகினு இரு," என்று காதில் சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

விவரமெல்லாம் பிறகு தெரிந்தது. வழக்கமாக அப்படி ஏறுகிற மேஜிக்காரரின் மனைவிக்கு அன்று காய்ச்சல். இவள் அவர்களுக்குச் சமைக்க வந்த, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பெண். கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பவில்லை. பட்டுப்புடவைக்குச் சம்மதித்தவள் பொட்டுக்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டாளாம். யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த மகானுபாவரும் விட்டுவிட்டார்.

மேலே கதவு திறந்தது. இதோ, முப்பது வயதில் இந்தக் குழந்தை என்று அவர் முழங்கினார். கைதட்டல் வரவில்லை. அடியிலிருந்து தவழ்ந்து போய், மேடையோரம் தொங்கிய கறுப்புத்துணி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக முப்பது வயது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மணலில் உட்கார்ந்திருந்த அம்மா வெளிறிப்போய் எழுந்தாள்.

மேஜிக்காரரைக் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறி, தன் நெற்றிக் குங்குமத்தைக் கட்டைவிரலால் வழித்து அந்தப் பெண்ணின் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

"தாலி அறுத்தவம்மா நானு. தெரியாம வெச்சுட்டியே," என்றாள் அவள்.

"தெரிஞ்சுதான் வெச்சேன். இப்ப நீ எம் பொண்ணு," என்றாள் அம்மா.

அவள் அழிக்கக் கையைத் தூக்கினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுவும் வித்தையில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் இப்போது கைதட்டியது. பெட்டி வழியாக அவள் கீழே இறங்கி வந்தாள். கண்ணைத் துடைத்தாள், நெற்றியைத் தொடவில்லை.

நான் முப்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் என் கணவர் இறந்துபோனார். பத்தாம் நாள் என் பொட்டை அழிக்க உறவுக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பெட்டி பொய் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இவள இந்தக் கோலத்துல ஒருதபா பாத்துட்டேன். இன்னொருதபா பாக்கமாட்டேன். எழுந்து போங்க."