ஜப்பானுக்குப் புறப்பட்ட இரவல் நகைகள்

மதுக்கரை பொற்கொடிக்குப் பட்டு வளர்ச்சித் துறையில் வேலை. மொபெட்டில் ஊர் ஊராகப் போய், மல்பெரி இலையை எந்தப் பக்குவத்தில் பறிப்பது, புழுத்தட்டை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று விவசாயிகளுக்குச் சொல்லித்தருவாள். 1994இல் அரசு அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்புவதாக ஆணை வந்தது. அன்று மாலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆணையை மறுபடியும் படித்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

அலுவலக மேலாளர் சுந்தரராஜுலு அவளை உட்காரவைத்து விதிகளைச் சொன்னார்.

"செலவுக்கு பேங்க்ல குடுக்கற வெளிநாட்டுப் பணம் மட்டும்தாம்மா. நம்மூர் ரூபாயைக் கட்டுக்கட்டாக் கொண்டுபோகக் கூடாது. நகை நெறையப் போட்டுட்டுப் போனா, போறப்பவே சுங்கத்துல காட்டி எழுதி வாங்கிக்கணும். இல்லீன்னா திரும்பி வாரப்ப, அங்க வாங்குனதுன்னு வரி கேப்பாங்க. நீங்க சர்க்கார் ஆளு. மாட்டுனா மெமோ வரும், பாத்துக்கங்க."

முதல் விதிக்குப் புறப்படும் நாளிலேயே சோதனை வந்தது. தூரப் பயணம் போகிறவர் கையில் ஏதாவது வைத்து அனுப்பாவிட்டால் எங்கள் பக்கம் யாருக்கும் மனசு ஆறாது. வாசலில் வரிசையாக வந்தார்கள்.

"வழிச்செலவுக்கு வெச்சுக்க கண்ணு."

"அங்க இது செல்லாதுங்க சித்தி."

"செல்லாத நோட்டையா நாங் குடுப்பேன்? வெளிச்சத்துல புடிச்சுப் பாரு!"

மறுத்தால் கோபம் வரும். பொற்கொடி வலது கையால் வாங்கி இடது கையால் கணவன் கதிரின் சட்டைப்பையில் திணித்தாள். சிமெண்டு ஆலையில் வேலை செய்யும் கதிர், பை புடைக்கப் புடைக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

நகைப் பொறுப்பை மாமியார் ராசாத்தாள் எடுத்துக்கொண்டாள். "வெளிநாட்டுக்காரன் முன்னால என்ற மருமக வெறுங்கழுத்தோட நிக்கறதா?" என்று வீடு வீடாகப் போனாள். எதிர்வீட்டுப் பழனாத்தாள் அட்டிகையைக் கழற்றிக் கொடுத்தாள். இன்னொருத்தி தோடும் ஜிமிக்கியும் தந்தாள். பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசா கல் பதித்த வளையல்களை உருவித் தந்தாள். "கல்யாணத்துக்கே இரவல் குடுக்கறோம், ஜப்பானுக்குக் குடுக்க மாட்டமா? மூணு மாசமும் போட்டுக்கட்டும்" என்றாள்.

"இதையெல்லாம் எழுதி வாங்கோணுங்க அத்தை" என்றாள் பொற்கொடி.

"எழுதட்டும். எழுதறதுக்குத்தான அவனை உக்காரவெச்சிருக்காங்க?"

மெட்டடார் வேன் நிறைய ஆட்களோடு சென்னைக்குப் போனார்கள். விமான நிலையத்தில் மற்றவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றார்கள். பொற்கொடி மட்டும் உள்ளே போய்ச் சுங்க மேசை முன் நின்றாள். அதிகாரி நிதானமானவர். காது, கழுத்து, கை என்று மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடை போட்டு எழுதித் தரேன்மா. எல்லாம் உங்க சொந்த நகைதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

ராசாத்தாளுக்கோ நகை கொடுத்தவர்களுக்கோ இப்படி ஒரு கேள்வி வரும் என்று தோன்றவே இல்லை. பொற்கொடி பேனாவை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"தாலி மட்டும் என்னுதுங்க."

"அப்போ மத்ததெல்லாம்?"

"இது பழனாத்தக்காவுது. இது ஹபீபம்மாவுது. இந்த ஜிமிக்கி..."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பொய்க் கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கு ஆபத்து. எழுதாமப் போனா வரப்போ நகைக்கு ஆபத்து. விமானத்துக்குக் கூப்பிட்டாச்சு. என்ன செய்யப் போறீங்க?"

பொற்கொடி அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கண்ணாடித் தடுப்பின் வாசலுக்கு ஓடினாள். ஓடும்போதே ஒரு தோட்டைக் கழற்றிவிட்டாள்.

"அத்தை, காதைக் காட்டுங்க!"

"என்ன கண்ணு, புடுங்கிக்கிட்டானா?"

"இல்லீங்க, நானேதான் கழட்டறேன்."

"இந்த மஞ்சப்பைல போடு புள்ள" என்றான் கதிர்.

"டீக்கடையில பையை மறந்துபோட்டு ஏறிருவீங்க. அத்தையே போட்டுக்கட்டும்."

"நானா? அப்ப உன்ற கழுத்து?"

"ஜப்பான்ல எல்லாப் பொம்பளைகளும் வெறுங்கழுத்துதாங்க அத்தை."

"ஆரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன். குனியுங்க!"

அட்டிகை ஏறியது. ஜிமிக்கி ஆடியது. வளையல் ராசாத்தாளின் விரல்முட்டி எலும்பில் நின்று அடம்பிடித்தது. கதிர் கையைப் பிடித்துக்கொள்ள, பொற்கொடி ஒரே தள்ளாகத் தள்ளினாள். "ஐயோ சாமி!" என்ற சத்தத்தில் பக்கத்து வரிசையே திரும்பிப் பார்த்தது. மணப்பெண்ணுக்கு இவ்வளவு வயதா என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

"போயிட்டு வாரேனுங்க!" என்று பொற்கொடி திரும்ப ஓடினாள். கைகளில் பாரமே இல்லை. அதிகாரி அவளைப் பார்த்ததும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வேன் மதுக்கரைக்குத் திரும்பியபோது முன் இருக்கையில், ஜன்னல் ஓரமாக, ராசாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஹபீபுன்னிசா வாசலிலேயே வாயில் கைவைத்தாள்.

"ஏனுங் ராசாத்தக்கா, ஜப்பான் போனது ஆருங்க?"

ராசாத்தாள் வெட்கத்தோடு வளையலை இழுத்தாள். வரவில்லை. சோப்புப் போட்டு இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

"உடுங்க உடுங்க" என்றாள் ஹபீபுன்னிசா. "மூணு மாசத்துக்குன்னுதான குடுத்தேன்."

மறுநாள் காலை, தோடு, ஜிமிக்கி, அட்டிகை, வளையல் எல்லாவற்றோடும், ராசாத்தாள் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனாள்.