ஆச்சா முதலாளியின் சாவிக்கொத்து

ரெண்டுதரம். பிறப்பு 1961, மறைவு 2022. தொழில், லிஃப்ட் பழுதுபார்த்தல். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையிலும் சம்பளப் பட்டியலிலும் மட்டுமே புழங்கியது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ரெண்டுதரம்தான். எதையும் இருமுறை சரிபார்க்காமல் அவர் விட்டதில்லை. வீட்டைப் பூட்டி நான்கு படி இறங்கியபின் திரும்ப ஏறிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கல்யாண மேடையில்கூடப் பெண்ணின் முகத்தை இரண்டு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தார் என்று அவருடைய மைத்துனர் சொல்லிச் சிரிப்பார்.

இருபத்தாறு ஆண்டுகள் அவர் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார். அவற்றுள் பதினொரு நாள்கள் மட்டும், இனி அந்த முதலாளியிடம் வேலை பார்ப்பதா வேண்டாமா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். இந்த வரலாறு அந்தப் பதினொரு நாள்களைப் பற்றியது.

டயர் கடையின் மாடியில் இரண்டு அறைகள்; அவ்வளவுதான் கம்பெனி. மெக்கானிக்குகள் ஏழு பேர். முதலாளியும் ஒரு காலத்தில் மெக்கானிக்காக இருந்தவர்தான். மோட்டாரின்மேல் காதை வைத்துக் கேட்டே எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். வித்தை அவ்வளவு இருந்தது. பொறுமை மட்டும் மருந்துக்கும் இல்லை. ஒருவரை ஒரு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு, வேலை பாதியில் இருக்கும்போதே வேறு கட்டடத்துக்குப் போகச் சொல்வார். மாலையில், முதல் வேலை ஏன் முடியவில்லை என்று வாடிக்கையாளர் முன்னிலையில் வைத்துக் காய்ச்சுவார். யாரை எங்கே அனுப்பினோம் என்பது அவருக்கே நினைவிருக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் கேட்பார்: "ஆச்சா?" மெக்கானிக்குகள் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். நாளைக்கே வேலையை விட்டுவிடுகிறேன் என்று அங்கே தினமும் யாராவது ஒருவர் சொல்வார். மறுநாள் அவரே முதல் ஆளாக வந்து நிற்பார்.

அந்தத் தொழிலில் உயிரைக் காப்பவை இரண்டு. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி வேலை செய்வதற்கு முன்னால், மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்துத் தம்முடைய சொந்தப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். சாவி தம் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவர் பூட்டுக்கும் சாவிக்கும் ஒரு வண்ணம், ரெண்டுதரத்தினுடையது பச்சை. இரண்டாவது, கூண்டின் கூரையிலேயே இருக்கும் சிவப்புப் பொத்தான். அதை அமுக்கி வைத்தால் மின்சாரம் வந்தாலும் கூண்டு நகராது. பூட்டு மாட்டியபின் பொத்தான் எதற்கு என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். ரெண்டுதரம் விடமாட்டார்.

ஒருமுறை யாரோ சாவியைத் தொலைத்துப் பூட்டை அறுக்க வேண்டிவந்தது. அன்றிலிருந்து முதலாளி எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவியை வாங்கி, ஓர் இரும்பு வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டார். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்.

2006, பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை காலை. எட்டு மாடிக் கட்டடம். மாடிக்கு நான்கு டாக்டர்கள். நோயாளிகள் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ரெண்டுதரம் ஆறாவது மாடி மட்டத்தில், கூண்டின் கூரைமேல் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கதவுச் சக்கரங்களை மாற்றிக்கொண்டிருந்தார். கூண்டு ஏறி இறங்கும் அந்த ஷாஃப்டுக்குள் கைபேசி வேலை செய்யாது. ஆகவே "ஆச்சா?" இல்லாமல் முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் போயிருந்தது.

தலைக்கு மேலே சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த நொடி, முழங்காலுக்குக் கீழே, கூண்டின் உள்ளே இருந்த மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

விசிறி சுற்றுகிறது என்றால் மின்சாரம் வந்துவிட்டது. மின்சாரம் வந்துவிட்டது என்றால் மேலே பூட்டு இல்லை. பூட்டின் சாவி அவர் சட்டைப் பையில், நெஞ்சை ஒட்டிக் கிடந்தது. கீழே யாரோ தரைத்தளத்தில் நின்று லிஃப்டைக் கூப்பிட்டார். மேலே மோட்டார் அறையில் 'டக்' என்றது. பொறுமையில்லாமல் கீழே நின்றவர் மறுபடி அமுக்கினார், மறுபடி 'டக்'. டார்ச் வாயிலிருந்து நழுவிச் சுவரில் மோதி மோதி ஆறு மாடி கீழே போய் விழுந்தது. ரெண்டுதரம் இருட்டில் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானைத் தேடினார். அது அமுங்கித்தான் இருந்தது. ஏறியதும் அமுக்கியிருந்தார். இருந்தும் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கத்த வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

கூண்டைத் தாங்கும் வடக்கயிறுகள் இறங்கும் ஓட்டை வழியே முதலாளியின் குரல் இறங்கியது: "ஆச்சா?"

ஆறாவது மாடி வராந்தாவில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"போன் எடுக்கமாட்டியா? டாக்டருங்க என் உயிரை எடுக்கறாங்க."

"சார், நான் கூண்டு மேல இருந்தேன். என் பூட்டு தொங்குச்சு."

"பாத்தேன்."

"பாத்துட்டா போட்டீங்க?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? எப்படியும் பட்டனை அமுக்கியிருப்ப. ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம்." முதலாளி சிரித்தார். அவருடைய அகராதியில் அது பாராட்டு. "அந்த தைரியத்துலதான் போட்டேன். வேற எவனா இருந்தாலும் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பேன். சரி, இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?"

ரெண்டுதரத்தின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அன்று மாலை அவர் ஏறிவந்து, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்தார். மருந்துக் கடையில் கணக்கெழுதும் அவர் மனைவி தட்டை வைக்காமல் நின்றாள்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லையே."

"ஒரு தரம்தான் கை கழுவுனீங்க."

அதற்குப்பின் மறைக்க எதுவுமில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. "மத்தவங்க ஜாக்கிரதையா இல்லாம சாவாங்க. நீங்க ஜாக்கிரதையா இருக்கறதாலயே செத்துருவீங்க போலிருக்கே. விட்டுடுங்க" என்றாள்.

மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தார். உடம்பில் காய்ச்சல் இல்லை. ஆனால் மனைவி மின்விசிறியின் சுவிட்சைத் தொட்டாலே அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றினார். தெருவில் யாரோ சாவியை ஆட்டிக்கொண்டு போனால் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பத்தாம் வகுப்பு படித்த மகள் இரண்டே நாளில் புரிந்துகொண்டாள். "அப்பா, ஃபேன் போடப்போறேன். போடட்டுமா?" என்பாள். அவர் தலையசைப்பார். "போடட்டுமா?" என்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் போடுவாள். அது கேலியா கரிசனமா என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டும்தான்.

மைத்துனர் தண்ணீர் பம்பு விற்கும் கடை வைத்திருந்தார். ஞாயிறன்று வந்து, காலை நீட்டி உட்கார்ந்தார். "மாப்ள, கடைக்கு வந்துடுங்க. பம்பு மேல ஏற வேண்டாம், அடியில படுக்க வேண்டாம். வர்றவங்ககிட்ட விலையை ரெண்டு தரம் சொன்னா போதும்."

"ரெண்டாவது தரம் வேற விலை சொல்லமாட்டேன் மச்சான். உங்க யாவாரம் படுத்துரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் போவது என்று அன்றே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இடறியது ஒன்றுதான். 'வேற எவனா இருந்தாலும் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பேன்.' அந்தச் சொல் உண்மையென்றால், தாம் விலகியதும் ஆபத்தும் தம்மோடு விலகிவிடும். உண்மையில்லையென்றால்? பூட்டைத் திறந்து சுவிட்சைப் போடும் அந்தத் துணிச்சலை முதலாளிக்குப் பழக்கியது யார்? பதின்மூன்று ஆண்டு தவறாமல் பொத்தானை அமுக்கியவர் ஒருவர்தான். இதை எண்ணியபோதுதான் அவர் உண்மையாகவே பயந்தார். ஆனாலும் ராஜினாமாக் கடிதத்தை எழுதினார். பிழையில்லாமல் இன்னொரு பிரதி எடுத்தார்.

பதினொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. கடிதம் சட்டைப் பையில் இருக்க, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கண்ணாடி என்று அழைக்கப்பட்ட சக மெக்கானிக். தடித்த மூக்குக்கண்ணாடி, முப்பது வயது, எப்போதும் சீட்டியடிக்கும் உதடு.

"அண்ணே, காய்ச்சல் எப்படி இருக்கு? உங்க டாக்டர் கட்டடத்தை என் தலையில கட்டிட்டாரு. கதவு மறுபடி இழுக்குது. கூண்டு மேல ஏறப்போறேன்."

"பூட்டு போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"ஏறினதும் சிவப்பு பட்டனை அமுக்கிடு."

"அதான் பூட்டு இருக்கே அண்ணே. நீங்க ஒண்ணு. சரி, வைக்கறேன்."

திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஷாஃப்டுக்குள் போய்விட்டான். இனி முதலாளி கூப்பிட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். மூன்று முறை கிடைத்தால் அவர் நேரே கிளம்பிவிடுவார்.

கட்டடம் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது. ரெண்டுதரம் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை; ஓடினார். வாசலில் முதலாளியின் மோட்டார் சைக்கிள் நின்றது. எஞ்சினைத் தொட்டார், சுட்டது. லிஃப்ட் நிற்கிறது, படிதான் வழி. நான்காவது மாடியை எட்டியபோது தமக்கு இரண்டு மாடி மேலே அந்தச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கிலுக்கு. நிதானமாக ஏறுகிறவரின் சத்தம். நாற்பத்தைந்து வயது நெஞ்சு அடைத்தது. கூப்பிட வாயைத் திறந்தார். அன்று போலவே இன்றும் காற்றுதான் வந்தது. அவர் ஏழாவது மாடியை எட்டியபோது மேலே கிலுக்கு நின்றது. மொட்டை மாடிக் கதவு கிறீச்சிட்டது.

அவர் மோட்டார் அறைக்குள் விழாத குறையாக நுழைந்தபோது பூட்டு திறந்து தரையில் கிடந்தது. முதலாளியின் கை சுவிட்சின் கைப்பிடிமேல் இருந்தது. ரெண்டுதரம் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பதின்மூன்று ஆண்டில் அவரைத் தொட்டது அதுவே முதல்முறை.

"சார். கூண்டு மேல ஆள்."

"தெரியும்பா, விடு. எப்படியும் பட்டனை அமுக்கித்தானே..."

"யாரு?"

"நீதான்." பழக்கத்தில் சொல்லிவிட்டு முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். வேர்வை சொட்டும் முகம். பிடித்திருக்கும் கை. மெல்ல, மிக மெல்ல, அவர் குரல் இறங்கியது. "நீ இங்க நிக்கற." தரையில் கிடந்த பூட்டைப் பார்த்தார். அதில் நீல வண்ணம். "அப்ப கூண்டு மேல யாரு?"

கயிறுகள் இறங்கும் ஓட்டை வழியே, கீழேயிருந்து ஒரு சீட்டி மிதந்து வந்தது.

முதலாளி கையை எடுத்தார். எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். அந்தச் சீட்டி மட்டும் சுருதி தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. பிறகு அவர் இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றினார். சாவிகள் எளிதில் வரவில்லை. நீலம், மஞ்சள், வெள்ளை என்று ஒவ்வொன்றாக ரெண்டுதரத்தின் உள்ளங்கையில் வைத்தார். ஆறு வந்தன. பச்சை வளையத்திலேயே நின்றது.

"இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு சார்?"

"தெரியல. எந்தக் கட்டடத்துக்காவது போய் நின்னு, ஒண்ணும் செய்ய முடியாம நிக்கறது... என்னால ஆகாதுப்பா. ஒண்ணாவது வேணும்."

ரெண்டுதரம் ஆறு சாவிகளையும் இரண்டு முறை எண்ணினார். தாம் போய்விட்டால் அந்த வளையம் காலியாக இருக்காது. வேறு யாருடையதாவது அதில் ஏறும். கண்ணாடியினுடையதே ஏறலாம். பச்சை அதில் இருக்கும்வரை மற்ற ஆறு பேரும் தப்பினார்கள். பையிலிருந்த கடிதத்தின்மேல் ஆறு சாவிகளையும் போட்டார். பயம் குறையவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் மனைவி கேட்டாள்: "விட்டுட்டீங்களா?"

"இல்ல."

"விட்டுட்டீங்களா?"

"இல்லைன்னு சொன்னேனே."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

அவள் அவருடைய வேலைப் பையைத் திறந்து பார்த்தாள். பச்சைப் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு இருந்தது, வண்ணம் பூசாதது, அன்றுதான் வாங்கியது. அதற்கும் இரண்டு சாவிகள். ஒன்றை அவர் அவளிடம் கொடுத்தார். அவள் அதை மருந்துக் கடைக்குக் கொண்டுபோய், விஷ மருந்துகள் வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப்பின் பதின்மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். மெயின் சுவிட்சில் அவருக்கு மட்டும் இரண்டு பூட்டுகள் தொங்கின. பச்சைப் பூட்டு திறந்து தரையில் கிடந்ததை மூன்று தடவை கண்டார். மூன்று தடவையும் மற்றது அசையாமல் இருந்தது. அதைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. 2015இல் முதலாளி இறந்தார். வளையம் அலுவலக ஆணியில் ஒற்றைச் சாவியோடு தொங்கியது. அதன்பிறகும் ரெண்டுதரம் இரண்டு பூட்டும் போட்டார், ஏறியதும் பொத்தானை அமுக்கினார், காலடியில் விசிறி சுற்றுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்.

கூண்டின் கூரையிலிருந்து கடைசியாக இறங்கி, இரண்டு பூட்டுகளையும் தம் கையாலேயே திறந்த நாள்: 2019, மே 31, வெள்ளிக்கிழமை.