இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் பட்டறை

எங்கள் கார் வருவது அது வருவதற்கு வெகுமுன்பே தெரியும். குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப் போன அமெரிக்க வண்டி அது. என் கணவர் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் தகுதிக்குக் கார் அதிகம்தான். ஆனால் அந்த வண்டியின் தகுதிக்கு நாங்களே அதிகம் என்று என் கணவர் சொல்லுவார்.

பள்ளம் மேடு எதில் ஏறி இறங்கினாலும் பின்பக்கத்திலிருந்து பிரசவ வார்டுபோல ஒரு முனகல் வரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவில் வாசலுக்குள் திரும்பினால் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். சபையில் பலர் எங்கள் வண்டிக்கு நன்றியோடு இருந்தார்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். காருக்கு அடியில் தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"புஷ் போயிருச்சுங்க சார். கமான் காதுல புஷ்ஷே இல்லீங்க, வெறும் ஓட்டைதானுங்க இருக்குது."

பின்சக்கரங்களின் மேல் பாரத்தைத் தாங்கும் எஃகுப் பட்டை அடுக்குதான் கமான். பக்கத்துக்கு ஒன்று. அதன் முனையை வளைத்து ஒரு காது செய்து, அதற்குள் பித்தளை வளையம் ஒன்றை இறுக்கி, அதன் வழியே ஒரு போல்ட்டை ஓட்டி வண்டியோடு மாட்டியிருப்பார்கள். அந்த வளையம்தான் புஷ். அது தேய்ந்தால் இரும்பும் இரும்பும் உரசி முனகும்.

"வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க. மாத்தி, ஓட்டிப் பாத்து, சரி பண்ணித் தர்றனுங்க."

'ஓட்டிப் பார்ப்பது' என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை பிரேக் சரிபண்ண விட்டிருந்தபோது, எங்கள் வண்டி ஒரு கல்யாணச் சத்திரத்து வாசலில் மாவிலைத் தோரணத்தோடு நிற்பதை நான் டூட்டிக்குப் போகிற வழியில் பார்த்தேன். மாப்பிள்ளை பட்டறைக்காரரின் மைத்துனன். எங்களுக்குத் தாம்பூலம்கூட வரவில்லை.

"அதெல்லாம் பேடா. நானே மாத்திடறேன்," என்றார் என் கணவர். பேடா என்றால் வேண்டாம்; மைசூரில் எங்கள் தமிழில் கன்னடம் கலந்துதான் வரும்.

"உங்களுக்கு வருமா?" என்று கேட்டேன்.

"நெம்புகோல் தத்துவத்தை இத்தனை வருஷமா யாரு சொல்லிக் குடுக்கறா?"

பெங்களூரிலிருந்து ரயிலில் புது புஷ்கள் வந்து சேர்ந்தன. சனிக்கிழமை காலை முற்றத்தில் செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தி, இடது கமானைக் கழற்றி வராந்தாவில் போட்டார். பழைய புஷ் வெளியே வர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் அடித்தார், பைபிளில் இல்லாத சில வார்த்தைகளைச் சொன்னார். கடைசியில் ரம்பத்தை உள்ளே விட்டு வளையத்தைக் குறுக்கே அறுத்தார். அது சுருங்கிக் கழன்று விழுந்தது. கால்மணி நேரம் அதைக் கையில் வைத்து அழகு பார்த்தார்.

புது புஷ் உள்ளே போக மறுத்தது. உலக்கையால் இடிக்க ஆரம்பித்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மேல்கோட்டை ஐயங்கார் மாமி ஒருத்தி இருந்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் நடப்பது எதையும் பார்க்காமல் விடமாட்டாள்.

"நர்ஸம்மா, உங்காத்துக்காரர் இப்படி சும்னே இடிச்சுண்டே இருந்தா எங்காத்துச் செவுரு விழுந்துடும். திருகி அமுக்க வேண்டியதை இடிப்பாளோ? எங்கிட்டப் பழைய இரும்புச் சேவை நாழி இருக்கு. தரட்டுமா?"

சேவை பிழியும் நாழி. மூன்று காலும் மேலே நீண்ட திருகும் உள்ளது. என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"தொட்டா நீங்க திரும்ப வாங்கிக்கமாட்டீங்களே, மாமி?" என்றேன்.

"வாங்கிக்கமாட்டேன். புதுசா பித்தளையில வாங்கிண்டாச்சு. ஆனா ஒண்ணு, காரு சரியானா என்னை மேல்கோட்டைக்கு அழைச்சுண்டு போணும். எங்காத்து மாமாக்குப் பெட்ரோல் வாசனையே ஆகாது. அவர் வரமாட்டார். அதுவும் சௌகரியந்தான்."

நாழியின் குழலைக் கழற்றிவிட்டு, கமான் காதை அடியில் வைத்துத் திருகியபோது புஷ் சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. இடது பக்கத்தை மாட்டி முடித்தோம். அந்தக் களிப்பில் வலது பக்கத்துக்குப் போய் முதல் அடியையே தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். நகம் கறுத்து விரல் கத்தரிக்காய் ஆயிற்று. நான் கட்டுப் போட்டேன். வலது பக்கம் பட்டறைக்குப் போயிற்று, புது புஷ்ஷையும் கையில் கொடுத்தோம். ஒரு வாரம் கேட்ட மனிதர் மறுநாள் சாயங்காலமே முடித்துக் கொடுத்தார். அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விடுமுறை நாளில் மாமியைப் பின்சீட்டில் தனியாக உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினோம். தீட்டுப்படாமலிருக்க அவள் தனக்கென்று ஒரு பலகை கொண்டுவந்திருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும் வலது பக்கத்திலிருந்து பழைய முனகல் எழுந்தது. என் கணவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"கேக்குதா? அது பட்டறை புஷ்," என்றார். "இடது பக்கம் கேளு. மௌனம்." பிரெஞ்ச் ராக்ஸ் என்ற ஊர் வரும்வரை ஞானப்பாட்டு பாடிக்கொண்டு வந்தார். மாமி ஆட்சேபிக்கவில்லை. ராகம் தப்பு என்று மட்டும் சொன்னாள்.

மேல்கோட்டை மலை ஏற்றத்தில் இடது பக்கம் தடாலென்று ஒரு சத்தம். வண்டி அந்தப் பக்கமாகக் குந்திவிட்டது.

மாமி பலகையோடு சரிந்தபடி கேட்டாள்: "இது உங்க பக்கமா, அவன் பக்கமா?"

என் கணவர் இறங்கிப்போய் இடது சக்கரத்தருகே குனிந்தார்.

"எங்க பக்கந்தான் மாமி," என்றேன்.

போல்ட்டின் நுனியில் நட்டு கழலாமல் இருக்க ஒரு சின்ன ஊசியை மாட்டி மடக்கவேண்டும். நெம்புகோல் தத்துவத்தில் அது இல்லை. நட்டு மெல்ல மெல்லக் கழன்று போல்ட்டும் போய்விட்டது. இரண்டையும் ரோட்டில் தேடி எடுத்தோம். வழியில் போன மாட்டுவண்டிக்காரர்கள் தூக்கிப் பிடிக்க, என் கணவர் மாட்டினார். ஊசிக்கு மாமி தன் கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். அவிழ்ந்த கொண்டையை என் பையிலிருந்த பாண்டேஜ் துணியால் முடிந்துகொண்டு, அதே கோலத்தில் பெருமாளைச் சேவிக்கப் போனாள். நாங்கள் கல்யாணிக் குளக்கரையில் உட்கார்ந்து, அவள் அனுப்பிய புளியோதரையைச் சாப்பிட்டோம். கார் மேல் எங்களுக்கிருந்த கோபம் முழுவதும் அந்தப் புளியோதரையில் போயிற்று.

திரும்பி வந்ததும் என் கணவர் வலது பக்கத்தைப் பிரித்தார். உள்ளே பழைய புஷ்ஷே இருந்தது, மேலே தகரம் சுற்றி. அதை அப்படியே திரும்ப மாட்டி, வண்டியோடு நேரே பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன், தடுக்க அல்ல, பார்க்க.

பட்டறைக்காரர் கொஞ்சமும் பதறவில்லை. அலமாரியைத் திறந்து, காகிதத்தில் சுற்றியிருந்த எங்கள் புது புஷ்ஷை எடுத்து வைத்தார்.

"பத்திரமா வெச்சிருக்கனுங்க சார். பழசுலயே இன்னும் கொஞ்ச நாள் ஓடுமுங்க. புதுச எதுக்கு வீணாக்கோணும்?"

"அப்ப நீ எதுக்குக் கூலி வாங்கினே?"

"தகரம் சுத்துன கூலிங்க." பிறகு மெதுவாகக் கேட்டார்: "மலையில வண்டி எந்தப் பக்கமா குந்துச்சுங்க?"

விஷயம் அவருக்கு எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. மைசூரில் அப்படித்தான். என் கணவர் அங்கே கிடந்த ஒரு எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். என் கண் முன்னால் மாட்டு, நான் போகமாட்டேன் என்றார். பட்டறைக்காரரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: சார் வேலை முடியும்வரை சயன்ஸ் பேசக்கூடாது. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் ஒழுங்காயின.

யுத்தம் வந்து பெட்ரோல் தட்டுப்பாடானபோது வண்டியை விற்றோம். வாங்க வந்தவர் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். சத்தமில்லை.

"புஷ் வேலை யாரு பண்ணது? நல்லாயிருக்கே."

"நான்தான்," என்றார் என் கணவர்.

விலை பேசித் தர எங்களோடு வந்திருந்த பட்டறைக்காரரும் அதே நேரத்தில் அதையே சொன்னார்.