உச்சிக்குழியில் வைத்த எண்ணெய்

நாய்க்குட்டியை என் கணவர்தான் கொண்டுவந்தார். குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக ஒருவர் கூடையில் வைத்து விற்றாராம். வெள்ளை நிறம், ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு, அதற்குப் பொருந்தாத உருண்டைத் தலை. "தலையப் பாத்தியா, மூள ஜாஸ்தி இருக்கும்," என்றார். மாந்தோப்புகள் நிறைந்த வேப்பனப்பள்ளிக்காரர் அவர். மாங்கன்று வாங்கினால் வேர்வரை திருப்பிப் பார்ப்பார், நாயை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை.

குளிப்பாட்டும்போது உச்சியில் என் விரல் மெத்தென்று இறங்கியது. எலும்பே இல்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும். ஆனால் என் மகனுக்கும் பிறந்தபோது அங்கே குழி இருந்தது. எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் செய்வதுபோல விளக்கெண்ணெய் வைத்து, தலையை உருட்டிப் பிடித்து, நான்தான் அதை மூடவைத்தேன் என்று எனக்கு ஒரு கர்வம். பிள்ளைக்குச் செய்ததை நாய்க்கும் செய்தேன். மூன்று வாரம், கம்பெனிக்குக் கிளம்பும் முன் தினமும் எண்ணெய் வைத்து அமுக்கினேன். குட்டி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்கும். சுகமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

பிறகு அது வட்டமாகவே நடக்க ஆரம்பித்தது. நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து அப்படியே நிற்கும். கூப்பிட்டால் திரும்பாது. ஒரு நாள் காலை நான் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் விறைத்து வலிப்பு வந்தது. என் கையிலேயே.

ஓசூரில் நாய் டாக்டரிடம் போகும் வழியெல்லாம் குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்திருந்தேன். "சூடு புடிச்சிக்கினு இருக்கும், ஏன் இப்டி நடுங்கற?" என்றார் வண்டி ஓட்டிய கணவர். எண்ணெய் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. நானே கொன்றுவிட்டேனோ என்று பயம்.

டாக்டரம்மா அந்தக் குழி வழியாகவே ஸ்கேன் பார்த்தார். "மண்டைக்குள்ள தண்ணி சேருதுங்க. அது மூளைய அழுத்துது."

"மேடம், மேல கைய வச்சு அமுக்கினா?"

அவர் நிமிர்ந்தார். "அமுக்கினீங்களா?"

"தினமும்."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது பிறவியிலேயே வந்தது, உங்களால வரல. ஆனா அந்த எடத்துல எலும்பு இல்ல, தோலுக்குக் கீழ மூளதான். இனிமே விரல்கூட படக்கூடாது. மருந்து தரேன். ஒரு மாசம் பார்ப்போம், வலிப்பு நிக்கலன்னா ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுதான் வழி."

முதலில் சொன்ன சமாதானம் என் காதில் ஏறவேயில்லை. விரல்கூடப் படக்கூடாது என்றது மட்டும் ஏறியது.

அந்த ஒரு மாதமும் காலையில் கண் விழித்ததும் தூரத்தில் நின்றே அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். மருந்து கொடுப்பதெல்லாம் கணவர்தான். வலிப்பு குறைந்தது, பிறகு நின்றது. குட்டி பிழைத்துக்கொண்டது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். நானும் சிரித்தேன், ஆனால் தொடவில்லை.

போன வாரம் நான் டிபன் பாக்ஸோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அது வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிவிட்டது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"தூக்கி அந்தாண்ட வச்சிட்டுப் போ, பஸ்ஸு நிக்குது பாரு," என்றார் கணவர்.

குனிந்தேன். எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை. கை பாதிவழியில் நின்றுவிட்டது. காலை அசைக்கவும் பயம். அப்படியே நின்றேன். பஸ் போய்விட்டது.