மூன்று தடவை திறந்த பின் அச்சு

தெற்கு லண்டனில், நோர்பரியில் என் கராஜுக்கு வருவதென்றால் ரயில் பாதைக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையால்தான் வரவேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. தேடி வருகிறவர்கள் ஒரு வேலைக்காகவே வருவார்கள். காரின் பின் அச்சில், சில்லுகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு பல்லுச்சக்கரங்கள்: பெரியது கிரவுண், சின்னது பினியன். எஞ்சினின் இழுவை முழுவதும் அந்தப் பற்களுக்கு ஊடாகத்தான் சில்லுக்குப் போகிறது. அவற்றை மாற்றுவதும், மாற்றியதைப் பழக்கி எடுப்பதும்தான் என் தொழில். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் இருந்த வருடங்களில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வசந்த காலத்தில், சட்டனில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் தன் காரைக் கொண்டுவந்தா. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். விடுமுறை நாட்களில் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறவ. எஞ்சினின் பலத்தைக் கூட்டியிருந்தா. அந்தப் பலத்தைத் தாங்காமல் கிரவுணில் இரண்டு பல் உடைந்துபோயிருந்தது. திடமான புதுச் சோடி ஒன்றை எடுத்துப் பூட்டினேன்.

புதுப் பற்களை எடுத்தவுடன் விரட்டக்கூடாது. ஒன்றோடொன்று உரசித் தங்களுக்குள் இடம் பிடிக்கும்வரை அவை கடுமையாகச் சூடேறும். சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கும் ஒயில் கருகும், பல்லின் உறுதி போய்விடும். பிறகு என்ன செய்தாலும் திரும்பாது. அதனால் முதல் நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓடி, பெட்டியில் கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை நிறுத்திவைக்க வேண்டும். அப்படி மூன்று தடவை. அதன்பின் ஐந்நூறு மைல் வரைக்கும் அக்சிலேற்றரை அடித்து மிதிக்கக்கூடாது. கடைசியில் ஒயிலை மாற்ற வேண்டும். அந்த முதல் நாள் ஓட்டத்தை நான் ஒருவரிடமும் விடுவதில்லை. பற்கள் சரியாகப் பொருந்தினவா என்பதைச் சத்தத்தில்தான் பிடிக்கலாம். என் காதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் ஓட்டத்தில் சட்டனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தேன். மெல்லிய கூவல் ஒன்று கேட்டது. காலை வைத்தால் இல்லை, எடுத்தால் இருக்கிறது. இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பினியன் உட்கார்ந்திருக்கும் ஆழம் பிழை. திரும்பி வந்து கழற்றினேன். பற்கள் தொடும் இடத்தைக் காட்டும் மஞ்சள் களியைப் பல்லில் பூசிச் சுற்றிப் பார்த்தேன். பல்லின் நடுவில், விழவேண்டிய இடத்தில், தடம் அழகாக விழுந்திருந்தது. எனக்கு அது போதவில்லை. களியை விடக் காதை நம்பினேன். பினியனுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டை எடுத்துவிட்டு, மயிரளவு தடித்த இன்னொன்றைப் போட்டேன்.

பூட்டி இரண்டாவது தடவை ஓடியபோதும் அதே கூவல். அந்தப் பெண்ணுக்கு போன் பண்ணி இன்னும் ஒரு கிழமை வேண்டும் என்றேன்.

"அவசரமில்லை அண்ணை," என்றா. "நீங்கள் சரி எண்டு சொல்லுங்கோ, அப்ப வந்து எடுக்கிறன். வேற ஆரும் எண்டால் இப்பிடியே தந்திருப்பினம்."

அந்தச் சொல் எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுபடியும் கழற்றினேன், மறுபடியும் தகட்டை மாற்றினேன். மூன்றாவது ஓட்டத்துக்கு என் மனைவியும் வந்தா. அவவின் தங்கச்சி வீடு சட்டனில். ஓட்டம் முடிய அங்கே போவதாகப் பேச்சு. வழக்கமாக நான் கார் ஆறுவதற்கு ஏதாவது பெற்றோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு, இறங்கிக் கோப்பி குடித்துக்கொண்டு நிற்பேன். அன்று அவ காற்று வாங்கலாம் என்றதால் எப்சம் புல்வெளியில் இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம். காலை பத்து மணி. தூரத்தில் இரண்டு பேர் நாய்களோடு நடந்துகொண்டிருந்தார்கள். வெளியே குளிராக இருந்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தோம்.

வரும் வழியெல்லாம் கூவல் இருந்தது. எனக்குள் எரிச்சல் ஏறியிருந்தது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

கூவல் நிற்கவில்லை.

ஏதாவது மின்விசிறி ஓடுகிறதாக்கும் என்று நினைத்தேன். திறப்பை முழுதாக வெளியே எடுத்தேன். கதவைத் திறந்து இறங்கிப் பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். பெட்டி ஆறும் டிக் டிக் சத்தம் கேட்டது. அதற்கு மேலால் அதே கூவல், அதே சுருதியில். எழும்பிப் பத்தடி நடந்தேன். அது என்னோடு வந்தது.

திரும்பி வந்து காருக்குள் ஏறிக் கேட்டேன்: "உமக்கு ஒரு சத்தம் கேக்குதோ?"

"என்ன சத்தம்?"

"கூவிற மாதிரி. மெல்லிசா."

அவ தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டா. "ஒண்டும் கேக்கேல்லையே. கார் நிண்டிட்டுது, எஞ்சினும் நிண்டிட்டுது. பிறகென்ன சத்தம்?"

"ஓடேக்க, நான் காலை எடுக்கிற நேரம் கேட்டதோ?"

"இல்லையப்பா. அந்த நேரம் பேசாமத்தானே வந்தது."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். காலை எடுக்கும்போது எஞ்சின் இரைச்சல் அடங்குகிறது. அது அடங்கும்போது என் காதுக்குள் இருப்பது எனக்குக் கேட்கிறது. விஷயம் அவ்வளவுதான். வேகம் கூடிக் குறைந்தபோது அந்தக் கூவலின் சுருதி மாறவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. பிழையைத் தேடிப் போனவனுக்குப் பிழைதான் கேட்டது. நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கியும் சுத்தியலுமாக முப்பது வருடம் காதுக்கு ஒன்றும் போடாமல் வேலை செய்தவன் நான்.

"ஏன் முகம் இப்பிடிப் போச்சு?" என்று மனைவி கேட்டா. சொன்னேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. தங்கச்சி வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி மாதிரியான ஒரு சின்ன அறையில் இருத்தி, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும் நேரமெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். எது அவர்கள் தரும் சத்தம், எது என்னுடையது என்று பிரிக்க முடியாமல் நான் கண்டபாட்டுக்கு அமத்தினேன். பரிசோதித்த பெண் பொறுமையாகத் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினா. கடைசியில் இது மாறாது, பழகிக்கொள்ளலாம் என்றா. பற்களைப் பழக்குகிறவன் நான்; பழகுவது என்ற சொல்லை அன்றைக்கு வேறொருவர் வாயால் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பழைய கார்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. அதற்கு முந்திய குளிர்காலத்தில் இதே கூவலுக்காக இன்னும் இரண்டு கார்களைத் திரும்பத் திறந்திருந்தேன். அந்தக் கார்க்காரர்களில் ஒருவர், ஈஸ்ட் ஹாமில் இருந்து வந்தவர், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எவ்வளவோ சொன்னார். "உங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும்," என்று நான் அவருடைய வாயை அடைத்தேன். அவர் பிறகு வரவேயில்லை.

சட்டன் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவ நிதானமாகக் கேட்டா. மருந்துக்கடைக்காரி என்பதால் காது இரைச்சல் பற்றி என்னைவிட அவவுக்குத் தெரிந்திருந்தது.

"அப்ப கார் நல்லாத்தான் இருக்கோ அண்ணை?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி. நீங்கள்தான் ஓடிப் பாத்துச் சொல்லோணும்."

அவ ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நான் பூட்டிய சக்கரத்தைப் பற்றி இன்னொருவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ வேகத்தைக் கூட்டி, காலை எடுத்து, திரும்பக் கூட்டினா. முகம் மாறியது.

"சொல்லுங்கோ," என்றேன்.

"இருக்கு அண்ணை. காலை எடுக்கேக்க இல்லை, வைக்கேக்க. ஊ எண்டு பெரிசா."

அது எனக்குக் கேட்கவே இல்லை.

அன்று பின்னேரம் கடைசித் தடவையாகத் திறந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பல்லில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முதல் ஓட்டத்தில் விழுந்த மினுக்கம் நடுவில் இருந்தது. பொருந்தத் தொடங்கிய பற்களை நான் இரண்டு தடவை இடம் மாற்றிப் பூட்டியதால், அதற்கு மேலால் சரிவாக வேறு தடங்கள் உரசிப் போயிருந்தன. முதல் நாள் அந்தச் சோடி பிழையே இல்லாமல் இருந்தது. அதைப் பழுதாக்கியது என் கைதான். பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். மனைவி வந்து கூப்பிடும்வரை எழும்பவில்லை.

புதுச் சோடி ஒன்றை நானே வாங்கி, ஈஸ்ட் ஹாமுக்கு அப்பால் வேலை செய்யும் ஒரு போலந்துக்காரரிடம் காரைக் கொண்டுபோய் விட்டேன். அவர்தான் பூட்டினார், அவர்தான் முதல் நாள் ஓடினார். ஏன் நீ செய்யவில்லை என்று கேட்டார். காது சரியில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்தக் கோடை முடியுமுன் அந்தப் பெண் கராஜுக்கு வந்தா. ஐந்நூறு மைலும் முடிந்து ஒயிலும் மாற்றியாயிற்று, ஒரு சத்தமும் இல்லை என்று சொல்லத்தான் வந்தா. திறப்பை நீட்டி, "ஒருக்கா ஓடிப் பாருங்கோவன் அண்ணை," என்றா.

"வேண்டாம் தங்கச்சி," என்றேன். அவ வற்புறுத்தவில்லை. பிரேக் கட்டையை மட்டும் பார்க்கச் சொன்னா. பார்த்துக் கொடுத்தேன்.

இப்போது பிரேக், டயர், கிளச் மட்டும்தான் செய்கிறேன். பின் அச்சுக்காக யாராவது கேட்டால் போலந்துக்காரரின் நம்பரைக் கொடுக்கிறேன். கராஜில் தமிழ் வானொலி காலையில் இருந்து பூட்டும்வரை ஓடிக்கொண்டிருக்கும். செய்தியா, பாட்டா, மரண அறிவித்தலா என்று நான் கவனிப்பதில்லை. ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தால் போதும்.